டெல்லிக்கு என் சம்பளம் எப்படித் தெரிந்தது

ஜூன் 18

இங்கே நான் எழுதப் போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று முதலிலேயே கைகூப்பி உறுதிமொழி கொடுத்துவிடுகிறேன். பத்து வருடம் கழித்து நானே எடுத்துப் படித்தாலும், எவன் இந்தப் புளுகன் என்றுதான் கேட்பேன். இருந்தாலும், ஒரு மாபெரும் சாம்ராஜ்யம் தனியொரு மனிதனைக் குறிவைத்து வேட்டையாடிய வரலாறு எழுதப்படாமல் போய்விடக் கூடாது.

சாம்ராஜ்யம் என்பது டெல்லி. தனியொரு மனிதன் என்பது தவசிமணியாகிய நான். வால்பாறைக்கும் மேலே, மேகங்கள் மூச்சு வாங்க உட்காரும் உயரத்தில், ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் எடைமேடையை ஆண்டுவருகிறேன். பச்சை இலை ஒரு கிலோ கூட என் கண்ணுக்குத் தப்பி உள்ளே போனதில்லை. வயது ஐம்பத்தாறு. எஸ்டேட்டே என்னை மாமா என்று கூப்பிடும். என்னைவிட நாலு வயது மூத்த பீரு பாயும் அப்படித்தான்.

எஸ்டேட்டில் கடை என்றால் பீரு பாய் கடை ஒன்றுதான். இங்கே ஜூன் மழை இறங்கினால் தீப்பெட்டி நமுக்கும், அப்பளம் நமுக்கும், மனுஷனே நமுத்துப் போவான். பாக்கெட்டாக வாங்கிய சிகரெட் பத்து நிமிடத்தில் வேகவைத்த பீன்ஸ் மாதிரி தொங்கிவிடும். அதனால் மழைக்காலத்தில் பாக்கெட் வாங்கும் பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. பாய் எல்லாவற்றையும் பிரித்து, டீ பாய்லர் தலையில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பார். வேண்டும்போது ஒன்று வாங்கலாம். சூடாக, மொறுமொறுவென்று இருக்கும். சிகரெட்டை வடை மாதிரி விற்கும் கடை பூமியில் இது ஒன்றுதான்.

தை முடிந்த கையோடு சிகரெட்டுக்கு வரி ஏறியது. அது நாட்டுக்கே ஏறியது. நானும் அழுதேன், கொடுத்தேன். ஆனால் நேற்று பாய் திரும்பவும் விலையை ஏற்றிவிட்டார். காரணம் கேட்டால் வரி என்கிறார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் நான் எழுத ஆரம்பித்துவிடுவேன்.

ஜூன் 20

வரலாறு எழுதுபவன் எதையும் மறைக்கக் கூடாது என்பதால் கால் விரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இடது கால் பெருவிரலில் ஒரு செருப்புக் கடி. அவ்வளவுதான்.

"செருப்பு கடிச்சா நாலு மாசமாவா ஆறாம கிடக்கும்? ஓரமெல்லாம் கறுத்துப் போச்சு" என்கிறாள் என் மனைவி பாக்கியசீலி.

"அது சாதாரணச் செருப்பு இல்ல. கோயமுத்தூர்ல வாங்குனது."

போன திங்கட்கிழமை என்னை இழுத்துக்கொண்டு வால்பாறை ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்ன வயது டாக்டரம்மா. கணுக்காலில் விரலை வைத்து நெடுநேரம் தேடினார்.

"ஐயா, இங்க நாடியே கிடைக்க மாட்டேங்குது."

"அதுக்குக் கூச்ச சுபாவம் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "ரத்தக்குழாய் சுருங்கிட்டு வருது. புகையும் வேணும், விரலும் வேணும்னா நடக்காது. ரெண்டுல ஒண்ணுதான். விரல எடுத்தா அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். பதினைந்து என்றேன். பாக்கியசீலி என்னைப் பார்த்தாள். சரி, பதினெட்டு.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருட இல்லறத்தில் அப்படி ஒரு பயணம் நடந்ததே இல்லை. இறங்கியதும் நேரே வீட்டுக்கு வராமல், உப்பு வாங்க வேண்டும் என்று பாய் கடைக்குப் போனாள். வீட்டில் உப்பு இருந்தது.

ஜூன் 29

பதினெட்டைப் பன்னிரண்டாக்கிவிட்டேன். டாக்டருக்குப் பயந்து அல்ல, விரலுக்குப் பயந்தும் அல்ல. அரசுக்கு எதிரான என் ஒத்துழையாமை இயக்கம் இது. நான் ஆறு சிகரெட்டைக் குறைத்த செய்தி எட்டியதும் கஜானாவில் ஓட்டை விழுந்திருக்கும். வானொலியில் ஒன்றும் சொல்லவில்லை. அமுக்கிவிட்டார்கள்.

ஜூலை 8

இரவு ஷிஃப்ட் போட்டிருக்கிறார்கள். அதற்குத் தனிப்படி உண்டு. வருமானம் கூடியவுடன் இயக்கத்தைச் சற்றே தளர்த்தி, பழையபடி பதினெட்டுக்குப் போகலாம் என்று கம்பீரமாகப் பாய் கடைப் படியேறினேன்.

"மாமா, ஏறிருச்சு" என்றார் பாய். நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

"போன மாசம்தான பாய் ஏத்துனீங்க?"

"நான் எங்க ஏத்துனேன்? மேல ஏத்துறான்."

"மேலன்னா?"

பாய் கூரையைக் காட்டினார். அங்கிருந்து மழைத்தண்ணீர்தான் சொட்டியது.

"அட்டையக் காட்டுங்க. விலை போட்டிருப்பான்ல."

"அட்ட அடுப்புக்குப் போயிருச்சு. இந்த மழைல காஞ்ச விறகு எங்க இருக்கு? இருந்தாலும் அதுல பழைய விலைதான் இருக்கும். நடுவுல ஏறுன வரி அட்டைக்கு எப்படி மாமா தெரியும்?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லோடு ஆட்கள் எல்லாரும், "கொள்ளை மாமா, பகல் கொள்ளை" என்று தலையை ஆட்டினார்கள். ஆனால் ஒருத்தன் முகத்திலும் கொள்ளை போன களை இல்லை. ஒருவன் டீ டம்ளருக்குள் சிரித்தான் என்று சந்தேகிக்கிறேன்.

பன்னிரண்டே நீடிக்கிறது.

ஜூலை 14

சிகரெட்டை பிளேடால் இரண்டாக வெட்டிப் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்துள்ளேன். மறுபாதியைச் சட்டைப்பையில் வைத்தால் ஈரத்தில் பிரிந்துவிடுகிறது என்பது மட்டும் ஒரு சிறு குறை.

விடியற்காலை ஷிஃப்ட் முடிந்து வரும்போது கல்வெர்ட் பாலத்துப் பக்கத்தில் ஒரு சிறுத்தை வழிமறித்தது. என் பையை முகர்ந்து பார்த்தது. உள்ளே இருப்பது பாதி சிகரெட் என்று தெரிந்ததும் கண் கலங்கி வழிவிட்டது. காட்டு விலங்குக்கு இருக்கும் இரக்கம் டெல்லிக்கு இல்லை.

வழியில் அடிக்கடி நின்று இயற்கைக் காட்சிகளை ரசித்தேன். கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொண்டதற்கும் நான் நின்றதற்கும் சம்பந்தமில்லை. விடியாத நேரத்தில் என்ன காட்சி என்று கேட்பவர்களுக்கு ரசனை போதாது.

ஜூலை 23

உளவுப் பணிக்கு ஜெபராஜை அனுப்பினேன். பாக்கியசீலியின் தம்பி. எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறான். தினமும் டவுனுக்குப் போய் வருபவன்.

"மாப்ள, டவுன்ல என்ன விலைன்னு பாத்து, பத்து வாங்கிட்டு வா."

சாயங்காலம் இரண்டோடு வந்தான். "அத்தான், நம்ம பாய் எவ்வளவோ பரவால்ல. அங்க இன்னும் கூட சொல்றான். மலைக்கு ஏத்திட்டு வர்ற கூலியாம்."

"டவுனுக்கும் மேலதானடா நம்ம எஸ்டேட்டு. அப்ப இங்கதான கூட இருக்கணும்?"

கொஞ்சம் யோசித்தான். "ஏத்திட்டாப் போதுமா? திரும்ப இறக்கணும்ல அத்தான்."

என் முகத்தைப் பார்க்காமல் ஜீப் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். வெளியே கொட்டுகிற மழையில் எவன் கண்ணாடி துடைப்பான்?

ஆகஸ்ட் 3

முந்தாநாள் பீடிக்கு இறங்கினேன். எடைமேடையின் அதிபதி பீடிக்கு இறங்கிய நாள் என்று எதிர்காலத்தில் இதற்கு விடுமுறை விடுவார்கள்.

"பீடிக்கும் ஏத்திட்டான் மாமா" என்றார் பாய்.

"அது ஏழைங்க குடிக்கிறதாச்சே பாய்."

"அதான மாமா வயிறு எரியுது" என்று சொல்லி, வயிற்றைத் தடவாமல் தாடியைத் தடவினார்.

இரண்டு நாள் இருமிய இருமலில் எதிர் மலையில் மண் சரிந்தது. திரும்பவும் சிகரெட்டுக்கே வந்துவிட்டேன். ஆனால் ஆறுதான். அதற்கு மேல் கட்டுப்படியாகவில்லை.

ஆகஸ்ட் 12

இன்று மர்மம் துலங்கியது.

சம்பள உயர்வு பாக்கி நேற்று பேங்கில் ஏறியது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று காலை பாய் கடையில் சிகரெட் விலை ஏறிவிட்டது. போன மாதம் இரவுப்படி ஏறியபோதும் ஏறியது. மழையால் நாலு நாள் வேலை நின்று சம்பளம் குறைந்தபோது மட்டும் இறங்கவில்லை. என் வருமானத்தை யாரோ உட்கார்ந்து கவனிக்கிறார்கள்.

பணம் வந்தது தெரிந்தவர்கள் யார்? ஆபீஸ் கிளார்க்குக்குத் தன் சம்பளமே ஞாபகம் இருக்காது. அவரை விட்டால் எனக்குத்தான் தெரியும். பேங்க் மெசேஜ் என் போனுக்கு வராது. நான் வருடத்துக்கு ஒரு போன் தொலைப்பதால், பாக்கியசீலியின் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

ஆக, பாக்கியசீலியின் போனை டெல்லி ஒட்டுக் கேட்கிறது. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பயந்துவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. போனை அரிசிப் பானைக்குள் வைத்துப் பேசும்படி மட்டும் அறிவுரை கூறினேன்.

"எதுக்கு?" என்றாள்.

"எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"பாதுகாக்க வேண்டியது உங்க கால. அத நீட்டுங்க, கட்டு மாத்தணும்."

ஆகஸ்ட் 19

நாடே வரியில் நசுங்கிக்கொண்டிருக்கும்போது என் வீட்டில் மட்டும் வளம் கொழிக்கிறது. இதுவும் சந்தேகத்துக்குரியது. போன வாரம் ஆரஞ்சு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். நேற்று ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே அகலமான முன்பக்கமும் மெத்தை மாதிரி அடியும் கொண்ட ஒரு ஜோடி ஷூ. விரலில் எங்கேயும் உரசாது. மந்திரிகள் போடுவது.

"ஏது இதெல்லாம்?"

"சேத்து வச்சது."

"எதுல இருந்து?"

"வீணாப் போறதுல இருந்து."

வீட்டில் வீணாகப் போவது என்ன இருக்கிறது? ஒரு தடவை வைத்த ரசத்தையே மூன்று நாள் ஓட்டுகிறவள். ஓட்டைக் குடையை மாற்றச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்கிறேன், காசில்லை என்கிறாள்.

ஷூ நன்றாக இருக்கிறது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுதத் தேவையில்லை.

ஆகஸ்ட் 29

எழுதவே கை கூசுகிறது. இன்று பாக்கியசீலி பாய் கடையின் பின்வாசலில் நின்றதைப் பார்த்தேன். பாய் பேப்பரில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். போன சனிக்கிழமையும் அதே நேரத்துக்கு உப்பு வாங்கப் போனாள்.

காதல் என்று நினைக்க வழியில்லை. பாய்க்குப் பல் இல்லை, அவளுக்குப் பொறுமை இல்லை. ஆகவே ஒரே முடிவுதான் மிஞ்சுகிறது. என் மனைவி புகைபிடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் குறைத்த பன்னிரண்டும் அங்கேதான் போகிறது.

அவள் மாவு பிசையும்போது பின்னால் போய்த் தலைமுடியை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெயும் அடுப்புப் புகையும்தான்.

"என்னங்க இது, இந்த வயசுல" என்று வெட்கப்பட்டாள். விசாரணையை அத்துடன் ஒத்திவைத்தேன்.

செப்டம்பர் 7

டீத்தூள் ஏற்ற வந்த மேட்டுப்பாளையத்து லாரி டிரைவர் பாய் கடைக்கு வந்தான். புது ஆள். நான் பாய்லருக்குப் பின்னால் பெஞ்சில் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

நான் குடிக்கும் அதே சிகரெட்டைக் கேட்டான். வாயில் வைத்தான். நோட்டைக் கொடுத்தான். கையை நீட்டியபடியே நின்றான்.

பாய் இருமினார். கண்ணால் பெஞ்சைக் காட்டினார். டிரைவருக்கு விளங்கவில்லை.

"மீதி குடுங்க பாய்."

"வரி ஏறிருச்சு தம்பி" என்றார் பாய், சுரத்தே இல்லாமல்.

"எப்ப? இப்பத்தான கீழ டவுன்ல ஒண்ணு வாங்கிட்டு வர்றேன். தைக்கு அப்புறம் ஏறவே இல்லையே. எனக்கு மட்டும் தனி வரியா?"

லோடு ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பாய் மீதியைக் கொடுத்தார். நான் ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அது முடிய வெகு நேரமாயிற்று.

செப்டம்பர் 8

மழை. எடைமேடையில் கூட்டமில்லை. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 10

மனிதனுக்கு ரோஷம் இருக்க வேண்டும். ஒரு எஸ்டேட்டே கூடி, ஒருத்தன் தலையில் தனி வரி போட்டிருக்கிறது. பொண்டாட்டி நிதி மந்திரி. மச்சினன் உளவுத்துறை. பல்லில்லாத ஒரு கிழவர் வசூல் அதிகாரி. வசூலான பணம் ஆரஞ்சாகவும் ஈரலாகவும் ஷூவாகவும் வரி கட்டியவனிடமே திரும்பி வந்திருக்கிறது. உலக வரலாற்றில் எந்த அரசாங்கமும் இப்படி ஒரு அயோக்கியத்தனம் செய்ததில்லை.

பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். முதல் கடையில் விலை கேட்டேன். டிரைவர் சொன்ன விலைதான். பாக்கெட்டாக வாங்கினேன். கடை ஓரத்தில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தேன். சுதந்திர இந்தியாவின் பிரஜையாகப் பிடித்தேன். நமுத்துப் போயிருந்தது. அதனால் என்ன, நியாயமான விலை.

பஸ் ஸ்டாப்பில் இருந்து வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் இன்று எக்கச்சக்கமான இயற்கைக் காட்சிகள்.

செப்டம்பர் 11

விடிந்தபோது விரல் கல்லாகக் கனத்தது. கட்டைப் பிரித்ததும் பாக்கியசீலியின் முகத்தைத்தான் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை. போன வாரம் ஓரத்தில் லேசாகச் சிவந்து வந்த இடம் திரும்பவும் ஊதா நிறத்தில் இருந்ததாம். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். என் சட்டை ஆணியில் தொங்கியது. பையில் பாக்கெட் துருத்திக்கொண்டு இருந்தது. அதன் மீது விலை அச்சாகி இருந்தது.

"டவுன்ல என்ன விலை?" என்றாள், தலை நிமிராமல்.

எனக்கு நல்ல கோபம் இருந்தது. பேச வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதில் சில வாக்கியங்கள் மிகவும் அழகானவை. ஆனால் அவள் விரலைப் பிடித்திருந்த விதம் வித்தியாசமாக இருந்தது. பிறந்த குழந்தையின் தலையைப் பிடிப்பது போல.

"இங்க உள்ள விலைதான்" என்றேன். "ஒரு ரூபா கூடவே இருக்கும்."

பஞ்சு நின்றது.

"எல்லா இடத்துலயும் ஏத்திட்டாங்க போல" என்றாள் கடைசியில்.

"ஆமா. பகல் கொள்ளை."

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். காகிதம் எரியும் வாடை வந்தது. சட்டைப்பையை நான் அப்புறம் பார்க்கவில்லை.

செப்டம்பர் 24

டாக்டரம்மா கணுக்காலில் தேடினார். "லேசா கிடைக்குது" என்றார். என் நாடி ஒரு பெண்ணிடம் பேச ஒத்துக்கொண்டது இதுவே முதல் முறை. விரலை இப்போதைக்கு எடுக்க வேண்டாமாம். "இப்போதைக்கு" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

"எத்தனைல இருக்கீங்க?"

"மூணு."

"அதையும் விடணும். மூணும் விரலும் சேந்து இருக்காது."

பாக்கியசீலி பஸ்ஸில் திரும்பி வரும்போது நிறையப் பேசினாள். பெரும்பாலும் பொரியலைப் பற்றி.

அக்டோபர் 9

ஓட்டைக் குடையைத் தைத்தேன். புதுக்குடை வாங்க நிதி மந்திரி அனுமதிக்கவில்லை. சிகரெட் ஒன்றுதான் இப்போது. சாயங்காலம், டீக்கு அப்புறம். அந்த ஒன்றை நினைத்துக்கொண்டே பகல் முழுக்க ஓடுகிறது.

அக்டோபர் 20

சீசன் முழுக்க எடையில் ஒரு தகராறும் வராமல் பார்த்துக்கொண்டதற்காக மேனேஜர் இன்று என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். ரொக்கம். பேங்கில் ஏறாது, யாருக்கும் தெரியாது. "உங்களுக்கு மட்டும்தான், வெளியே சொல்ல வேண்டாம்" என்றார். சட்டைக்குள் வைத்துக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றி வந்தேன். டெல்லியின் கண்ணில் படாத முதல் வருமானம். இது இருந்தால் பாய் சொல்லும் விலைக்கே ஒரு நாளைக்குப் பத்து என்று தீபாவளி தாண்டியும் ஓட்டலாம்.

கால்கள் தாமாகவே பாய் கடைக்குப் போயின. கடையில் வேறு யாரும் இல்லை. பாய் டப்பாவைத் திறந்து, வழக்கமான ஒன்றை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"பாய், எனக்குக் கொஞ்சம் காசு வந்திருக்கு."

"நல்லது மாமா."

"வீட்டுக்குத் தெரியாது. மெசேஜ் ஒண்ணும் வராது. கையில குடுத்துட்டாரு."

பாய் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பாய்லரைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"சொல்லலைன்னா மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாமப் போயிரும்ல, அதான் சொன்னேன்" என்றேன்.

"தெரிஞ்சா ஏத்திருவாங்களே மாமா."

"ஏத்தட்டும்."

"எவ்வளவு ஏத்தச் சொல்லட்டும்?" கையிலிருந்த சிகரெட்டைப் பார்த்தபடி பாய் கேட்டார். "நீங்க எவ்வளவு தாங்குவீங்க?"

"தாங்காத அளவுக்கு ஏத்தச் சொல்லுங்க."

பாய் அந்த ஒன்றையும் டப்பாவில் போட்டு மூடினார். எனக்கு ஒரு டீ போட்டார். காசு வாங்கவில்லை. வாங்காததையும் நான் சந்தேகப்பட்டேன், ஆனால் குடித்துவிட்டேன்.

உறுதிமொழி கொடுத்தபடி நம்ப முடியாத கதையை எழுதி முடித்துவிட்டேன். சிறுத்தை பொய். எதிர் மலையில் மண் சரிந்தது என் இருமலால் அல்ல. டெல்லிக்கு என்னைத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் பணம் வந்த விஷயத்தைப் பாயிடம் நானே போய் வாயைத் திறந்து சொன்னேன் என்பது மட்டும் நிஜம்.